வீடு பள்ளியான காலங்கள்: புதுக்கோட்டை மண்ணின் ஒரு தேர்வு வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் வீடுகளின் இயல்பே மாறிவிடுகிறது. தொலைக்காட்சி அடங்கிப்போகிறது. விருந்தினர் வருகை குறைகிறது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் உறங்கச் செல்லும் பிள்ளையின் கையில் பாடநூல் திணிக்கப்படுகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்குத் திறவுகோலாக நாம் கருதுகிறோம். அதற்கான படிப்பு பள்ளியில்தான் நடக்கிறது என்றும், வீடு அதற்குத் துணை மட்டுமே என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் பள்ளியின் கதவு மூடப்பட்டு, படிப்பின் முழுப் பொறுப்பும் வீட்டின் மீது விழுந்த காலங்கள் உண்டு. நாம் வாழும் புதுக்கோட்டை மாவட்டம் அத்தகைய காலங்களை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறது. சிலருக்கு வழக்கத்தின் பெயரால் கதவு மூடப்பட்டது, சிலருக்குப் புயலால், அண்மையில் பெருந்தொற்றால் எல்லோருக்கும் ஒரே நாளில் மூடப்பட்டது. அந்தக் காலங்களில் எந்த வீடு பள்ளியாக மாற முடிந்தது, எந்த வீட்டால் முடியவில்லை, ஏன் என்பதை வரலாற்றின் வழியே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டில் தொடங்கிய கல்வி

இஸ்லாமிய வரலாற்றில் முதல் கல்விக்கூடம் ஒரு வீடுதான். மக்காவில் முஸ்லிம்கள் ஒடுக்கப்பட்ட ஆரம்ப நாள்களில், அர்கம் இப்னு அபில் அர்கம் (ரலி) அவர்களின் இல்லத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு மார்க்கத்தைக் கற்பித்தார்கள். வெளியே கற்க வழியில்லாத நிலையில் வீட்டிற்குள் கல்வி நடந்தது.

மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த பின்னும் வீட்டுக் கல்வி நின்றுவிடவில்லை. ஆண்கள் கூடும் அவையில் தங்களுக்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை என்று பெண்கள் முறையிட்டபோது, அவர்களுக்கெனத் தனியாக ஒரு நாளை நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கினார்கள். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவிப்பதையே தங்கள் மீட்புத்தொகையாகச் செலுத்தலாம் எனத் தீர்மானிக்கப்பட்ட செய்தியைச் சீரா நூல்களில் காண்கிறோம்.

இந்நிகழ்வுகளில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வீட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி எவரும் தனியே விடப்படவில்லை. அர்கமின் வீட்டில் ஆசிரியர் இருந்தார். பெண்களுக்கு ஒரு நாள் குறித்துத் தரப்பட்டது. சிறுவர்களுக்கு, நேற்று வரை எதிரியாய் நின்றவனேயாயினும், ஓர் ஆசிரியன் தேடித் தரப்பட்டான்.

தமிழ்நாட்டு முஸ்லிம்களின் வாழ்விலும் வீட்டுக் கல்விக்கு நெடிய மரபு உண்டு. நம் பாட்டிமார்கள் பலர் பள்ளிக்கூடம் சென்றதில்லை. ஆனால் ஓதிக்கொடுக்கும் பெண்மணியின் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து குர்ஆன் ஓதவும், அரபு எழுத்தில் அமைந்த தமிழான அரபுத்தமிழ் நூல்களை வாசிக்கவும் கற்றார்கள். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளியில் படித்தவர். வீட்டிற்குள்ளேயே தம் தமிழை வளர்த்துக்கொண்டு 1938-இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார்.

அந்த அறிவின் பெருமையை எவரும் மறுக்க முடியாது. எனினும் அதற்குச் சான்றிதழ் இல்லை. மருத்துவராக, ஆசிரியராக, அலுவலராக ஆவதற்கு அரசு கேட்டது ஒரு தேர்வின் முடிவை. வீட்டில் பெற்ற அறிவு அந்தத் தேர்வின் வாசல் வரை செல்ல முடியுமா என்ற கேள்விக்கு நம் புதுக்கோட்டையிலேயே ஒரு சிறுமி விடை கூறினார்.

1902: ஒரு சிறுமியும் ஒரு தேர்வும்

இன்று கர்ப்பிணிப் பெண்களுக்கு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயரைத் தம் வங்கிக் கணக்கின் வழியாக அறியாத தாய் நம் ஊர்களில் அரிது. ஆனால் அவர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தவர் என்பதும், பள்ளியிறுதித் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படித்தவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

அவருடைய தந்தை நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள், அக்காலச் சமூகம் சமமாக மதிக்காத இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். பெண் குழந்தைகள் படிப்பது அரிதாக இருந்த அந்நாளில் முத்துலட்சுமி ஆண் பிள்ளைகளுடன் பள்ளி சென்றார். பருவமெய்தியதும் அன்றைய வழக்கப்படி அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது.

அத்தோடு படிப்பும் முடிந்திருக்க வேண்டும். அவரையொத்த ஆயிரமாயிரம் பெண்களுக்கு அப்படித்தான் முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் பாடம் தொடர்ந்தது. தந்தையும் பிற ஆசிரியர்களும் வீட்டிலேயே கற்பித்தனர். அன்று பள்ளிக் கல்வியின் இறுதியாக விளங்கியது மெட்ரிகுலேஷன் தேர்வு. சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அத்தேர்வைப் பள்ளி வழியாக அன்றித் தனியாக எழுதி, 1902-இல் முத்துலட்சுமி தேர்ச்சி பெற்றார்.

அதன்பின் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். பிறந்த குலம் மற்றொரு காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடமளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத்தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறை ஒழிப்பிலும், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததிலும் அவர் பங்கு நாடறிந்தது. முஸ்லிம் மாணவியருக்கெனத் தனி விடுதி அமையவும் அவர் பாடுபட்டார் என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். கதவு மூடப்பட்ட வேதனையை அறிந்தவருக்கே பிறருக்கு மூடப்பட்ட கதவும் கண்ணில் பட்டது.

இவ்வரலாற்றை மேடைகளில் கூறும்போது, மனவுறுதி இருந்தால் வீட்டிலிருந்தே சாதிக்கலாம் என்று முடித்துவிடுவது எளிது. அது பாதி உண்மை மட்டுமே. முத்துலட்சுமி படித்த வீடு எத்தகைய வீடு? கல்லூரி முதல்வராக இருந்தவர் குடும்பத் தலைவராக வாழ்ந்த வீடு. மகளின் பாடத்தில் எழும் ஐயத்தைத் தீர்க்கும் கல்வி தந்தையிடம் இருந்த வீடு. அவர் பள்ளியை இழந்தாரே ஒழிய, ஆசிரியரை இழக்கவில்லை. மனவுறுதியும் இருந்தது, ஆசிரியரும் இருந்தார். இரண்டும் சேர்ந்தே 1902-இன் வெற்றி விளைந்தது.

அதே ஆண்டில், அதே ஊரில், அதே வயதில், படிக்கும் ஆவலோடு வீட்டிற்குள் அமர்ந்த வேறு சிறுமியர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்கள் பெயர் வரலாற்றில் இல்லை. அவர்களிடம் உறுதி இல்லாமல் போனதால்தான் அவ்வாறு ஆயிற்று என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

அறிவொளி நாள்கள்

ஆசிரியர் இல்லாத வீட்டிற்கு ஆசிரியரை அனுப்ப முடியுமா? தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இதே மாவட்டம் அதைச் செய்து காட்டியது.

1991-இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கல்குவாரியில் கல்லுடைத்த பெண்களும், வயலில் நாற்று நட்ட பெண்களும், வீட்டைவிட்டு அதிகம் வெளிவராத முஸ்லிம் பெண்களும் எழுத்துக் கற்றார்கள். கற்பித்தவர்கள் ஊதியம் பெற்ற ஆசிரியர்கள் அல்லர். அதே தெருவில் வாழ்ந்த இளைஞர்களும் இளம்பெண்களும். வகுப்பு நடந்த இடமோ திண்ணை, மரத்தடி, யாரேனும் ஒருவர் வீட்டு முற்றம். அடுத்த ஆண்டே முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாகப் புதுக்கோட்டை அறிவிக்கப்பட்டது. அந்த இயக்கத்தோடு சேர்ந்தே ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டப் பழகியது உலகம் முழுதும் பேசப்பட்டது.

அறிவொளி பொதுத்தேர்வுக்கான படிப்பு அன்று. ஆயினும் நம் பொருளுக்கு அது நெருங்கிய பாடம். நாள் முழுதும் உழைத்த பெண்ணிடம் ஆறு மணி நேரப் பள்ளி நாளை எவரும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு மிஞ்சியது மாலையில் சிறிது நேரமே. அந்தச் சிறிது நேரத்திற்கேற்பப் பாடம் அமைக்கப்பட்டது. தெருவுக்குத் தெரு ஓர் ஆள் அதற்குப் பொறுப்பேற்றார். பாடவேளை குறுகினாலும் கல்வி நடக்கும் என்பதற்கு அது சான்று.

புயலின் இருட்டு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்னும் கடலோரச் சிற்றூர்கள் முதல் அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் வரை தென்னைகள் சரிந்தன, மின்கம்பங்கள் முறிந்தன. பள்ளிகள் மூடப்பட்டன. பல ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு. கூரை பறந்த வீட்டுப் பிள்ளைகள் நிவாரண முகாமிலிருந்து திரும்பி வந்து, நனைந்த பாடநூல்களை வெயிலில் உலர்த்தினார்கள். இருட்டியபின் படிப்பதென்றால் மெழுகுவத்தியும் மண்ணெண்ணெய் விளக்கும்தான் துணை. பள்ளிவாசல்களில் ஜெனரேட்டர் ஓடும் சிறிது நேரத்தில் கைப்பேசிக்கு மின்னேற்ற வந்தவர்களின் கூட்டத்திலேயே பாடநூலோடு சில பிள்ளைகளும் அமர்ந்திருப்பார்கள். வெளிச்சம் இருக்கும் இடமே படிப்பறையானது. படிப்பதற்கு இடமும் விளக்கும் எவ்வளவு பெரிய செல்வம் என்பதைப் புயல் நமக்கு உணர்த்திற்று. அப்பாடத்தை முழுமையாக உள்வாங்குவதற்குள் அடுத்த சோதனை வந்துவிட்டது.

77 நாள்கள்

2020 மார்ச் மாதத்தில் கொரோனா பெருந்தொற்றின் காரணமாகத் தமிழகத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்நாள்களில் வகுப்பறையை இழந்தனர். தமிழகத்தில் மார்ச் 27 அன்று தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் 24 மாலை முதல் மாநிலம் முடங்கியது.

பின்னர் ஜூன் 1 அன்று தேர்வு தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஜூன் 15 என்று மாற்றப்பட்டது. இறுதியில் ஜூன் 9 அன்று, தேர்வே ரத்து, அனைவரும் தேர்ச்சி என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே.பழனிசாமி அறிவித்தார். முடக்கம் தொடங்கியதிலிருந்து அந்த அறிவிப்பு வரை 77 நாள்கள். 9 லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள், நாள் தெரியாத ஒரு தேர்வுக்காக வீட்டிலிருந்து படித்த நாள்கள் அவை.

அந்த 77 நாள்களுக்குள்தான் புனித ரமலான் முழுமையாக வந்து சென்றது. பள்ளிவாசல்கள் மூடப்பட்டிருந்தன. தராவீஹ் தொழுகை வீட்டில் நடந்தது. தந்தை இமாமாக நிற்க, பிள்ளைகள் பின்னால் நின்றார்கள். வீடே பள்ளிவாசல், வீடே மத்ரஸா, வீடே பள்ளிக்கூடம் என்றாயிற்று. மூன்றையும் தாங்கும் அளவுக்கு நம் வீடுகள் பெரியவையாக இருந்தனவா?

மதிப்பெண் வழங்கப்பட்ட முறையையும் நாம் இங்கு நினைவுகூர வேண்டும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்ணிலிருந்து 80 விழுக்காடு. வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு. உயிரைக் காக்கும் நோக்கில் எடுக்கப்பட்ட அம்முடிவைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அரையாண்டில் பின்தங்கி, ஊரடங்கு நாள்களில் வீட்டில் உறக்கம் துறந்து முன்னேறிய பிள்ளையின் உழைப்பை அந்தக் கணக்கு காணவில்லை. பள்ளியில் நடந்தது கணக்கில் வந்தது; வீட்டில் நடந்தது வரவில்லை.

குறைந்த பாடம், குறைந்த நேரம்

அடுத்த கல்வியாண்டில் வீட்டுப் படிப்பே நிலையான ஏற்பாடானது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. 2020 ஜூலையில் பிளஸ் டூ மாணவர்களின் மடிக்கணினிகளில் பாடங்களைப் பதிவேற்றித் தரும் பணி தொடங்கியது. பாடத்திட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கப்பட்டது. 2021 ஜனவரி 19 அன்று 10, 12-ஆம் வகுப்புகளுக்கு, ஓர் அறையில் 25 பேர் என்ற வரம்போடு பள்ளிகள் திறந்தன. பிப்ரவரி 25 அன்று, பத்தாம் வகுப்பு உள்ளிட்டோர் தேர்வின்றித் தேர்ச்சி என அறிவிக்கப்பட்டது. ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வும் ரத்தானது.

பாடம் குறைந்ததைப் பற்றியே அன்று ஊரெங்கும் பேச்சு. எந்தப் பாடம் உண்டு, எந்தப் பாடம் இல்லை என்ற பட்டியல்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வந்தன. ஆனால் நம் வீடுகளில் அதைவிட விரைவாகக் குறைந்தது ஒன்று உண்டு. அது பிள்ளையின் நேரம்.

மத்ரஸா ஆசிரியர் என்ற முறையில் அந்நாள்களில் வீடு வீடாகத் தொலைபேசியில் விசாரித்தபோது நாம் கேட்டறிந்தவை பெரும்பாலும் ஒரே தன்மையுடையவை. வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசி. அதைக் கேட்கும் பிள்ளைகள் மூவர். தந்தை வேலைக்குச் செல்லும்போது கைப்பேசியும் உடன் சென்றுவிடும்; இரவு அவர் திரும்பிய பின்தான் அன்றைய பாடம் பிள்ளைக்குக் கிடைக்கும். தந்தை வளைகுடாவில் வேலையிழந்து அறையில் முடங்கிக் கிடந்த வீடுகளில், அந்த ஒரே கைப்பேசி அவருடைய அழைப்புக்காகவும் காத்திருக்க வேண்டும். ஆண் பிள்ளை கடைக்கும் படகுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டான். பெண் பிள்ளை வீட்டிலிருப்பதனாலேயே அடுப்படியும் தம்பி தங்கையரும் அவள் பொறுப்பாயின. பத்தாம் வகுப்பு மாணவி என்ற தகுதி, சீருடையோடு சேர்ந்து அலமாரிக்குள் சென்றுவிட்டது.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை எவரும் வேலை ஏவுவதில்லை. பள்ளிக்கூடம் தரும் பெருங்கொடைகளுள் ஒன்று அந்த ஏவப்படாத நேரம். பள்ளி மூடியதும் அது மறைந்தது. பாடத்திட்டத்தை அரசு குறைத்தது மூன்றில் ஒரு பங்கு என்றால், ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்பு நேரம் அதைவிடப் பன்மடங்கு சுருங்கியது.

2022-இல் தேர்வு மீண்டும் வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு மே 6 முதல் 30 வரை. அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் மே 3. அதாவது திருப்புதல் நாள்கள் முழுவதும் ரமலான்; பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் தேர்வு. நம் பிள்ளைகளுக்கு அது சுருங்கிய கால அட்டவணைக்குள் இன்னொரு சுருக்கம். ஆயினும் ரமலானுக்கே உரிய ஓர் ஒழுங்கு அவர்களில் பலரைக் காத்தது. ஸஹருக்கு எழுந்தவர்கள் சுபுஹுக்குப் பின் உறங்காமல் இரண்டு மணி நேரம் படித்தார்கள். தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத்தை வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்ததை நாம் மத்ரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோம். தேர்வு எழுதிய பிள்ளைகள் அதை நேரில் கண்டார்கள். லுஹருக்குப் பின் களைப்பு, அப்போது ஓய்வு. அஸருக்குப் பின் எழுதிப் பார்க்கும் பயிற்சி. தராவீஹுக்குப் பின் அரைமணி நேர மனனம். வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் உண்ணும் மாதமாகையால், படிப்பு நேரத்தையும் மதிக்க முடிந்தது.

ஜூன் 20 அன்று முடிவுகள் வந்தன. மாநில அளவில் தேர்ச்சி 90.07 விழுக்காடு. பெருந்தொற்றுக்கு முன் 2019-இல் அது 95.2 விழுக்காடாக இருந்தது. மாணவியர் 94.38 விழுக்காடு தேர்ச்சி பெற, மாணவர்களோ 85.83 விழுக்காட்டில் நின்றார்கள். தேர்வு எழுதவே வராதவர்கள் இக்கணக்கில் இல்லை. கடைக்கும் படகுக்கும் சென்ற கைகள் பேனாவுக்குத் திரும்பவில்லை என்பதை இந்த எண்களுக்குப் பின்னால் நம்மால் காண முடிகிறது.

தனித்தேர்வர் என்னும் நம் பிள்ளைகள்

இவ்வரலாற்றில் நம் சமுதாயத்திற்கே உரிய ஓர் அத்தியாயம் உண்டு. ஹிஃப்ழ் மாணவர்களும், அரபுக் கல்லூரிகளில் ஓதுவோரும், பள்ளிப்படிப்பு இடையில் நின்றுபோன நம் பெண்களும் பத்தாம் வகுப்புத் தேர்வைப் பெரும்பாலும் தனித்தேர்வராகவே எழுதுகின்றனர். அவர்களுக்குப் பெருந்தொற்று வருவதற்கு முன்பும் வீட்டுப் படிப்புதான். பின்பும் வீட்டுப் படிப்புதான். குர்ஆன் மனனத்திற்கும் முராஜஆவுக்கும் நடுவே கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரமே அவர்களின் பள்ளி நாள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்தையும் அந்நேரத்திற்குள் அடக்க வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் பெயர் பதிந்து, பள்ளி ஒன்றுக்குச் சென்று பயில வேண்டும்.

2020-இல் பள்ளி மாணவர் அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டபோது, தனித்தேர்வர்க்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண் அவர்களிடம் இல்லையே! அவர்கள் அதே ஆண்டு செப்டம்பரில், தொற்று அடங்காத நிலையில், தேர்வறைக்குச் சென்றார்கள். 2021-இல் பிளஸ் டூ தனித்தேர்வர்களும் ஆகஸ்டில் தேர்வு எழுதினார்கள். தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்ற தலைமுறை என்று அந்த ஆண்டுகளின் பிள்ளைகளைச் சிலர் ஏளனம் செய்வதுண்டு. 1902-இல் முத்துலட்சுமி சென்ற அதே வழியில், பள்ளி என்னும் துணையின்றிச் சென்று எழுதிய இவர்களை அந்த ஏளனம் தொடவே முடியாது.

நம் பொறுப்பு

வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி தெளிவானது. வீடு தானாகப் பள்ளியாவதில்லை. எவரேனும் அதைப் பள்ளியாக்க வேண்டியிருக்கிறது. முத்துலட்சுமிக்குத் தந்தை அதைச் செய்தார். அறிவொளி நாள்களில் தெரு அதைச் செய்தது. பெருந்தொற்றுக் காலத்தில் செய்ய ஆளில்லாத வீடுகளில் பிள்ளைகள் பின்தங்கினார்கள். இடைநின்ற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், அவனுக்கு ஆசிரியராக யார் இருந்தார், அவனுக்கென எந்த நேரம் விடப்பட்டது, எந்த விளக்கின் கீழ் அவன் அமர்ந்தான் என்று நாம் கேட்க வேண்டும்.

அடுத்த பெருந்தொற்றுக்கோ புயலுக்கோ காத்திருக்கத் தேவையில்லை. தனித்தேர்வர்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதுவோரின் பட்டியலை எடுக்கட்டும். அதில் தனித்தேர்வர் பெயர் விடுபடாமல் பார்க்கட்டும். பள்ளிவாசலின் மாடியோ மத்ரஸாவின் ஓர் அறையோ மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் விளக்கோடும் மின்விசிறியோடும் அவர்களுக்காகத் திறந்திருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு ஆலிமா ஒருவரின் வீட்டு முன்னறை போதும். கணிதமும் அறிவியலும் படித்த கல்லூரி மாணவ மாணவியர் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். வாரம் இரு மாலைகளை அவர்கள் தந்தால், ஆசிரியர் இல்லாத வீட்டிற்கு ஆசிரியர் கிடைத்துவிடுவார்.

பெற்றோரிடம் நாம் கேட்பது இன்னும் சிறியது. தேர்வு எழுதும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், எந்த வேலையும் ஏவாமல் விட்டுவிடுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு. அந்த நேரத்தில் தேநீர் போடச் சொல்லாதீர்கள், தம்பியைத் தூக்கச் சொல்லாதீர்கள், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். சுபுஹுக்குப் பின் அந்த நேரத்தை அமைத்துக்கொடுத்தால் அது இன்னும் சிறந்தது. மதீனத்துப் பெண்கள் கேட்டதும் தங்களுக்கென ஒரு நேரத்தைத்தான். கேட்டவுடன் அது தரப்பட்டது.

கல்வியைத் தேடிச் செல்வோரின் பாதையை அல்லாஹ் எளிதாக்குவானாக. நம் வீடுகளை அறிவின் இல்லங்களாக ஆக்குவானாக. தேர்வறைக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் நினைவாற்றலிலும் நேரத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.